தேர்க்கயிற்றில் இறங்கிய சப்பு மரம்

1. மரம் என்னை ஓவர்டேக் செய்தது

கேகாலைப் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் நான் டிராக்டர் ஓட்டிய காலத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, டிராக்டருக்கு முன்னால் ஓடியே எங்கள் குடியிருப்பு வரிசையான கீழ் லயத்துக்கு வந்து சேர்ந்தேன். ரப்பர் பால் வெட்டுகிற லெட்சுமி வாசலில் நின்றாள்.

"என்னாண்ணே, தனியா வாறீங்க? வண்டி எங்க?"

"பின்னால வருது."

"பின்னால ஒண்ணையும் காணோமே!"

திரும்பிப் பார்த்தேன். உண்மைதான். என்னை எதுவும் துரத்தவில்லை.

நடந்தது இதுதான். கம்பனிக்காரர்கள் தோட்டத்தைப் பொறுப்பெடுத்துச் சில வருடங்கள் ஆகியிருந்தன. பங்குனியில் அடித்த காற்று கீழ் லயத்துக் கூரையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. கைமரமெல்லாம் உளுத்துப் போயிருந்தது. என் குடும்பம், லெட்சுமி குடும்பம் என்று ஆறு குடும்பங்களும், வேலை நேரத்தில் பிள்ளைகளை விட்டுப் போகும் பிள்ளைமடுவத்தில் பாய் விரித்துப் படுத்தோம். பெருமழை தொடங்கச் சில வாரங்கள்தான் இருந்தன. எல்லாருமாகத் தோட்டத்தை நடத்தும் துரையிடம் போய் நின்றோம்.

"தகரம் நான் தாறேன். மரம் நீங்க கொண்டு வாங்க" என்றார் துரை. "மேல் மலையில ரெண்டு சப்பு மரம் விழுத்திப் போட்டிருக்கு. ஞாயித்துக்கெழம டிராக்டர் எடு, சூசை. திங்கட்கெழம மரக் கொந்தராத்துக்காரன்ட லொறி வரும். அதுக்குள்ள லயத்துக்கு வராத மரம் அவனுக்கு. ஹரித?"

"ஹரி, சேர்."

சரி என்பதற்குச் சிங்களத்தில் ஹரி என்று சொல்வது சுலபம். நான் அதோடு நிற்கவில்லை, மூளையையும் பாவித்தேன். பட்டையை உரித்துவிட்டால் மரம் லேசாக வரும் என்று சொல்லி, முந்தின நாளே ஆட்களை வைத்து முதல் மரத்தின் பட்டையை உரித்து, கொப்புகளையும் துப்புரவாகக் கழிக்க வைத்தேன். மரம் சவர்க்காரக் கட்டி மாதிரி பளபளத்தது. லேசாகத்தான் வந்தது. பாறை வளைவு இறக்கத்தில் நான் லோ கியரில் வர, மரம் அதற்கு மேல் பொறுக்காமல் டோ பாரைத் தாண்டிச் சறுக்கி, பின்சில்லை உரசிக்கொண்டு என் பக்கத்திலேயே வந்து நின்று என்னைப் பார்த்தது. ஏழு வருட லைசன்ஸ்காரன் அந்த நேரம் செய்ய வேண்டியது என்னவென்று எனக்குத் தெரியும். நான் குதித்து ஓடினேன்.

வண்டி தானாகப் போய் மண்திட்டில் மூக்கை முட்டி நின்றுவிட்டது. மட்கார்ட் மட்டும் நெளிந்திருந்தது. மரம் ரோட்டுக்குக் குறுக்கே கால் நீட்டிப் படுத்திருந்தது.

2. பின்கயிறு

லயமே ஏறி வந்து பார்த்தது. ஒருவரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். நாளைக்கு லொறி வந்தால் இந்த மரமும் மலையில் கிடக்கும் மற்றதும் போய்விடும் என்பது எல்லாருக்கும் தெரியும்.

லெட்சுமிதான் வாயைத் திறந்தாள். "நம்ம தேர இப்பிடியா எறக்குவோம்? முன்னால இழுக்க டிராக்டர் இருக்கு. பின்கயிறு எங்க?"

எங்கள் கோயில் மேட்டில் இருக்கிறது. திருவிழாவில் தேர் இறங்கும்போது முன்னால் பத்துப் பேர் பிடித்தால் பின்னால் முப்பது பேர் பிடித்து இழுப்பார்கள். தேர் ஓடிவிடாமல் இருப்பது அந்த முப்பது பேரால்தான். நான் வேதக்காரன், மாதா கோயிலுக்குப் போகிறவன், என்றாலும் வருடா வருடம் வேடிக்கை பார்த்தவன். எனக்கு அது தோன்றவில்லை.

கோயில் தலைவர் மாரிமுத்து கங்காணி முகத்தைச் சுளித்தார். "தேர்க்கயிற மரத்துக்குக் கட்டுறதா? சாமி குத்தமாயிராதா?"

"கோயிலுக்குத் தகரம் இருக்கு மாமா. எங்களுக்கு இருக்கா?"

கங்காணி கீழே கூரையில்லாமல் நின்ற லயத்தைப் பார்த்தார். பிறகு, "சரி. ஆனா மரத்துக்கு ஒரு தேங்கா ஒடைக்கணும். சூசையும் கும்புடணும்" என்றார்.

கும்பிட்டேன். கூடவே அந்தோணியாரையும் கூப்பிட்டுக்கொண்டேன். யாரையும் விட்டுவைக்கிற நிலையில் அன்றைக்கு நான் இல்லை.

டிராக்டரைப் பின்னுக்கு எடுத்து, மரத்தை நேராக்கி, வால்பக்கத்தில் தேர்க்கயிறு கட்டினோம். கயிற்றை ரோட்டோரத்து ரப்பர் மரத்தில் இரண்டு சுற்றுச் சுற்றி, ஆட்கள் மெல்ல மெல்ல விட வேண்டும். பால் வெட்டுகிற பட்டையில் கயிறு தேய்ந்தால் துரை என்னை வெட்டுவார் என்பதால் ரப்பர் மரத்தின் அடித்தூரில் சுற்றினோம். கயிறு முடிந்தால் சப்பு மரத்துக்குத் தேரின் முட்டுக்கட்டையை வைத்து நிறுத்தி, அடுத்த ரப்பர் மரத்துக்குப் போக வேண்டும்.

நான் சீட்டில் ஏறினேன். லெட்சுமி கையை நீட்டினாள்.

"செருப்பக் குடுங்க."

"எதுக்கு?"

"கீழ பூரா அட்டை. வெறுங்காலோட குதிக்க மாட்டீங்க."

எல்லாரும் சிரித்தார்கள். கொடுத்தேன்.

பாறை வளைவில் கயிறு கிறீச்சிட்டது. மரம் மறுபடியும் மூக்கைத் திருப்பியது. என் வலது கால், என்னிடம் கேட்காமலே, வெளியே போனது. கீழே பார்த்தேன். ஈரச் சருகில் ஒரு அட்டை எழுந்து நின்று என் பக்கம் தலையை ஆட்டிக்கொண்டிருந்தது. காலை உள்ளே இழுத்துக்கொண்டேன்.

"அரோகரா!" என்று பின்னால் ஒரு கூச்சல். கயிறு இறுகியது. மரம் நின்றது.

பொழுது சாய்வதற்குள் இரண்டு மரமும் லயத்து வாசலுக்கு வந்துவிட்டன. இரண்டாவதைப் பட்டையோடும் கொப்போடும் கொண்டு வந்தோம். கொப்பு தரையைப் பிராண்டிக்கொண்டு வர, அது பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை மாதிரி அடக்கமாக வந்தது.

3. மிச்சம்

வரக்காப்பொல மில்லில் அறுத்து முகட்டு வளையும் கைமரமும் ரீப்பையும் எடுத்தோம். ஓரப்பலகை பிள்ளைமடுவத்தில் உட்கார வாங்கு ஆனது. கொப்பெல்லாம் ஆறு அடுப்புக்கும் விறகு. முதல் பெருமழை தகரத்தில் இடி மாதிரி இறங்கிய அன்று, லயத்தில் என் அறையான காம்பராவில் ஒரு சொட்டு விழவில்லை.

இப்போது மலையில் டிராக்டர் ஓட்டுகிற தம்பிமாருக்கு ஒன்று சொல்வேன். மேட்டில் மரத்தை இழுப்பது என்ஜினின் வேலை. இறக்கத்தில் என்ஜினை நம்பாதீர்கள்; மரத்துக்கு பிரேக் கிடையாது. முன்னால் சங்கிலி மாட்டும் முன், பின்னால் கயிறு பிடிக்க ஆட்கள் நிற்கிறார்களா என்று பாருங்கள். பயம் வரட்டும், பரவாயில்லை. செருப்பை மட்டும் கழற்றி யாரிடமாவது கொடுத்துவிடுங்கள்.

அந்த வருடத் திருவிழாவில் மாரிமுத்து கங்காணி என்னைக் கூப்பிட்டுப் பின்கயிற்றைக் கையில் கொடுத்தார். தேர்க்கயிறு பிடிக்க யாரும் செருப்போடு வருவதில்லை. நானும் வெறுங்காலோடுதான் நின்றேன். கோயில் வாசலில் கழற்றி வைத்திருந்த என் செருப்பைத் தேடி எடுத்து, தேர் நிலைக்கு வரும்வரை லெட்சுமி கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.