அகழியில் தண்ணீர் விட்ட காலை

சாந்த்ராகாச்சி ரயில் நிலையத்துக்கு அப்பால் ஒரு பழைய ஜமீன் மாளிகை. மிஞ்சியிருப்பது மேடும் இடிந்த சுவர்களும்தான். சுற்றியிருந்த அகழி மட்டும் முழுசாக இருந்தது. வங்கியிலிருந்து ஓய்வு பெற்ற என் கணவருக்கு அதன்மேல் பைத்தியம். பவானிபூரில் எங்கள் வீட்டுக் குழாய் ஒழுகினால் திரும்பிப் பார்க்க மாட்டார். ஞாயிறானால் அகழிக்கரையில் போய் நிற்பார்.

அதைப் புராதனச் சின்னமாக அறிவிக்கலாமா என்று பார்க்க ஓர் அதிகாரி வருவதாக இருந்தது. அகழிக்கு அடியில் இருக்கும் பழைய செங்கல் கட்டு அவர் கண்ணில் படவேண்டுமாம். இவரும் கூட்டாளிகளும் கங்கையிலிருந்து கால்வாய் வந்து சேரும் வாயை மண்போட்டு அடைத்து, தண்ணீரை மோட்டார் வைத்து இறைத்துவிட்டார்கள். அங்கே அடுக்குமாடி கட்டக் காத்திருந்த புரோமோட்டருக்கு அது லட்டு மாதிரி அமைந்தது. தண்ணீர் இருந்தால் நீர்நிலை, தூர்த்தால் வழக்கு வரும். வற்றிவிட்டால் வெறும் பள்ளம். நான் படித்துப் படித்துச் சொன்னேன். கேட்டால்தானே.

அன்று காலை அதிகாரி வருவதற்கு முன்பே இடிபாடு ஏற்றிய லாரிகள் வந்தன. முதல் லாரி பள்ளத்தில் இறங்கிக் கொட்டத் தொடங்கியதும் இவர் ஓடிப்போய் அந்தச் செங்கல்லை மறைத்து நின்றார். புரோமோட்டரின் ஆள் ஒருவன் இரும்புக் கம்பியால் இவர் வலது கையில் அடித்தான். எலும்பு முறிந்த சத்தம் கரையில் நின்ற எனக்கே கேட்டது. கூட்டாளிகள் ஓடிவிட்டார்கள். அவன் மறுபடி ஓங்கினான். நான் இறங்கிப்போய், தயிர்சாதம் இருந்த டிபன் கேரியரால் அவன் முகத்தில் அடித்தேன். மூக்கிலிருந்து ரத்தம் கொட்ட அவன் உட்கார்ந்தான். இன்னொருவன் என் தலைமயிரைப் பிடித்து இழுத்தான். அவன் கையைக் கடித்தேன். அந்த ரத்தத்தின் ருசி எனக்கு அருவருப்பாக இல்லை.

இவரைக் கரைக்கு இழுத்துப் போட்டுவிட்டு, அங்கே கிடந்த மண்வெட்டியால் அடைப்பை வெட்டினேன்.

"வேண்டாம், அதிகாரி இன்னும் பாக்கல," என்று இவர் அழுதார்.

கடல் ஓதம் கங்கையில் ஏறிவரும் நேரம். கால்வாய் பொங்கிப் பாய்ந்தது. லாரி சேற்றில் அச்சுவரை புதைந்தது. ஆட்கள் கரையேறி ஓடினார்கள்.

அதிகாரி வந்தபோது இருந்தது தண்ணீரும், ரத்தக்கறையோடு நாங்கள் இருவரும்தான். நீர்நிலை, தூர்க்கக் கூடாது என்று எழுதினார். புராதனம் என்று எழுத எதையும் பார்க்கவில்லை என்றார்.

கை நேராகச் சேரவில்லை. தினமும் நான்தான் அவருக்குச் சட்டைப் பித்தான் போட்டுவிடுகிறேன்.

"செங்கல் பத்திரமாத்தானே இருக்கு?" என்று இன்றும் கேட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இருக்கு," என்று அடுத்த பித்தானைப் போட்டேன்.