தலையணைக்கு அடியில் ரொட்டி

பித்தப்பைக் கல்லுக்காக நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, பக்கத்துப் படுக்கையில் அவர் இருந்தார். காட்டுப்பள்ளிப் பக்கம் கன்டெய்னர் யார்டு ஒன்றில் வாட்ச்மேன். ஒல்லி உடம்பு, வலது விலாவுக்குக் கீழே மட்டும் மேடிட்டிருக்கும். மற்றவர்களைப் பார்க்க ஆட்கள் வரும் நேரத்தில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். காலையில் தரும் ரொட்டியில் பாதியைத் தலையணைக்கு அடியில் வைப்பார். அது காய்ந்து விறைத்தாலும் எறிய மாட்டார்.

அவர் ஈரலில் இருப்பது நாடாப்புழுக் கட்டி என்றார் டாக்டர். நாயின் மலத்திலுள்ள முட்டை எப்போதோ கைவழியாக வாய்க்குள் போய், வருடக்கணக்கில் வளர்ந்திருக்கிறதாம்; ஆபரேஷன் செய்து எடுக்க வேண்டுமாம்.

"நாய் வளக்கிறீங்களா?"

"இல்ல சார்."

டாக்டர் போனதும் நான் தலையணையைப் பார்த்தேன். அவர் குரலைத் தாழ்த்தினார்.

"கீதுன்னா, தொரத்திடுன்னுவாங்க நைனா. யார்டுல எனக்கு அத்த வுட்டா யாரு? கறிக்கடையில ஈரலு, கொடலு வாங்கியாந்து பச்சையா போடுவேன். அப்டி துன்னும்."

நர்ஸிடம் விசாரித்து வந்து சொன்னேன். "தொரத்த வேணாமாம். பச்சையா எதுவும் போடாதீங்க, அதுலதான் நாய்க்குப் புழு வருதாம். அதுக்குக் குடல்பூச்சி மருந்து தவறாம குடுங்க. தொட்டா சோப்பு போட்டுக் கை கழுவுங்க."

மாலையில் டாக்டர் வார்டுக்குள் நுழைந்ததுமே அவர் எழுந்து உட்கார்ந்தார்.

"சார்! எனக்கு ஒரு நாய் கீது சார்!"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

மறுநாள் நான் வீடு திரும்பினேன். அவருடைய ஆபரேஷன் என்னவாயிற்றென்று தெரியாது. எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே நாய் ஏதாவது தலையைத் தூக்கிப் பார்த்தால், யாரைத் தேடுகிறதோ என்றிருக்கிறது.