செம்புத் தகடும் ஸ்கூட்டர் பேட்டரியும்

போன் இப்போதுதான் கைக்கு வந்தது. முதல் வேலையாக இதை எழுதுகிறேன்.

பட்டாசுக் கம்பெனி வாசலில் தினமும் எங்கள் போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள். செருப்பைக் கழற்றி, உடம்பில் ஏறியிருக்கும் மின்சாரம் இறங்கச் செம்புத் தகட்டில் கை வைத்துவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். ஒரு பொறி போதும், எங்கள் கதை முடிந்துவிடும்.

இன்று காலை காகிதக் குழாய் எடுக்க ஸ்டோருக்குப் போனேன். ஆபீஸ் ரூமிலிருந்து ஜன்னல் வழியாக வயர் இழுத்து, காகிதக் கட்டுகளுக்கு நடுவே ஒரு எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் பேட்டரி சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கிறது!

"யாரு வச்சது இத?" என்று கத்தினேன்.

சூப்பர்வைசர் அண்ணன் சாவகாசமாக வந்தார். "நான்தாம்மா. எங்க தெருவுல சாயங்காலமானா எல்லாரும் வண்டிய சார்ஜ் போடுதாக. டிரான்ஸ்பார்மர் தாங்கல, பீஸ் போயிருது. அதான் இங்கன போட்டேன்."

"பெரிய டிரான்ஸ்பார்மர் கேட்டு எழுதிக் குடுத்தீகளா?"

"அதுக்கு யாரு அலையுறது?"

எனக்கு வந்ததே கோபம். "எங்க போன் ஆகாது, இம்புட்டுப் பெரிய பேட்டரி மட்டும் ஆகுமாக்கும்? இத வெளிய எடுக்காம ஒருத்தரும் வெடிமருந்துல கை வைக்க மாட்டோம்."

கூட வேலை பார்க்கும் பெண்கள் எல்லோரும் என்னோடு வாசலில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். பேட்டரி வெளியே போனது.

"பாதிதான் ஏறியிருக்கு. நான் வீட்டுக்கு எப்படிப் போவேன்?" என்று அண்ணன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

வண்டியைத் தள்ளிக்கொண்டாவது நீங்கள் போய்விடுவீர்கள் அண்ணே. நாங்களும் வீட்டுக்குப் போகவேண்டாமா?

உங்கள் தெரு டிரான்ஸ்பார்மர் தாங்குகிறதா மக்களே? இல்லையென்றால் கரண்டு ஆபீஸில் எழுதிக் கொடுங்கள். எங்கள் ஸ்டோரில் இடம் காலியில்லை.