விருப்பமிருந்தால் மட்டும்

கடைகளில் பில் போடும் சாஃப்ட்வேர் ஒன்றை எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துத் திருத்திக்கொள்ளட்டும் என்று இணையத்தில் இலவசமாக வைத்தேன். யார்தான் பயன்படுத்துகிறார்கள் என்று தெரியாமல் நொந்துபோய், ஒரு பதிவுப் பக்கமும் சேர்த்தேன். ‘விருப்பமிருந்தால் மட்டும் பெயர் தாருங்கள்.’ இன்றுவரை அதில் இருப்பது சோதித்துப் பார்க்க நான் போட்ட என் பெயர் மட்டும்தான்.

மில்லர்புரத்தில் ஒரு பெயிண்ட் கடையில் அது ஓடுவதைப் பார்த்தேன். “பேரைப் பதியலையா அண்ணாச்சி?” என்று கேட்டேன்.

“சும்மா குடுக்கவன் எதுக்குப் பேரு கேக்கான்? எனக்கு வேண்டாம்பா.”

அந்தச் சும்மா கொடுத்தவன் நான்தான். பிரஷ் ஒன்றை எடுத்து நீட்டினேன்.

“போன் நம்பர் சொல்லுங்க தம்பி. இல்லாட்டா பில்லு வராது.”

முனகாமல் சொன்னேன். நம்பர் இல்லாமல் பில் வராதபடி எழுதி வைத்தவனும் நான்தான்.