ஏழு வெள்ளைப் பொடி

போச்சோ ஊர் மூலிகைச் சந்தைக்குப் பின்சந்தில் இருந்த லியெனின் கடையைத் தெரியாத பெண்கள் அந்த ஊரில் கிடையாது. ஏழு வகை வெள்ளை வேரையும் கிழங்கையும் இடித்துச் சலித்து, முட்டையின் வெள்ளைக்கருவில் குழைத்து முகத்தில் பூசிவிடுவாள். பருவோடு வந்தவளிடம் வயிற்றில் சூடு என்பாள். கண்ணுக்கடியில் கறுத்திருந்தால் சிறுநீரகம் தளர்ந்திருக்கிறது என்பாள். ஊரார் முகத்தையெல்லாம் படித்துச் சொல்கிற அந்த வாய்க்கு, சொந்தத் தங்கையின் முகத்தைப் பார்த்தபோது மட்டும் என்ன கேடு வந்ததோ!

தாயும் தகப்பனும் போன பிறகு தங்கை ஷுவாங்கை ஆளாக்கியது லியென்தான். கடை வாசலில் அவளை உட்காரவைத்தால் போதும், அந்த முகத்தைப் பார்த்தே கூட்டம் உள்ளே வரும். அப்படி இருந்த பெண்ணுக்கு இருபத்தொன்பது வயதில் திடீரென்று முகம் வெளிறிப்போயிற்று. நாலு படி ஏறினால் மூச்சு வாங்கியது. பெண் பார்க்க வந்த ஓர் அம்மாள் தேநீர்க் கிண்ணத்தைத் தொடாமலே எழுந்து போனாள். வீட்டில் நோயாளியை வைத்துக்கொண்டு அடுத்தவருக்கு அழகு விற்கிறாள் என்று சந்தையில் பேச்சுக் கிளம்பியது. கவலையால் ரத்தம் குறைந்திருக்கிறது, அவ்வளவுதான் என்று லியென் தானே முடிவு கட்டினாள். ரத்தம் ஊறட்டுமென்று சிவப்பு இலந்தையையும் கழுதைத்தோல் பசையையும் காய்ச்சிக் காய்ச்சிப் புகட்டினாள்.

அந்த நேரத்தில் கெங் வீட்டுச் சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை மூலிகை லாரி ஓட்டுகிறவன், சாது. அவனுடைய பெரியப்பா கெங் ஊரறிந்த நாடி வைத்தியர். அந்த வீட்டுக்கு வரும் மருமகளின் முகம், நாக்கு, நாடி மூன்றையும் அவர் ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். முகத்தைக் கழுவி, ஒன்றும் சாப்பிடாமல், விடிந்ததும் கூட்டி வரச் சொல்லியிருந்தார்கள்.

அன்று லியென் தன் வித்தையெல்லாம் காட்டினாள். பொடியில் முத்துத்தூள் கலந்து, பூசியதே தெரியாதபடி பூசினாள். செவ்வேரைப் பன்றிக்கொழுப்பில் காய்ச்சிய களிம்பை உதட்டில் தொட்டு வைத்தாள். நாக்கு வெளுப்பாகத் தெரியக் கூடாதென்று, போகிற வழியில் சிவப்புச் சாயம் போட்ட மிட்டாய் ஒன்றை வாயில் அடக்கிக்கொள்ளச் சொன்னாள். ஷுவாங் நடக்க முடியாமல் நின்றாள்.

"அக்கா, எனக்கு நெஜமாவே முடியல. அவரு நல்ல வைத்தியருங்கிறாங்களே. உள்ளதைக் காட்டிடலாமே."

"இன்னைக்கு அவரு வைத்தியரு இல்லடி, மாப்பிள்ளை வீட்டுக்காரரு. மொதல்ல கல்யாணம் முடியட்டும். அப்புறம் நான் ஒன்னைத் தேத்திட மாட்டேனா?"

கெங் பெரியவர் முகத்தைப் பார்த்தார், நாக்கைப் பார்த்தார், திருப்தியாகத் தலையாட்டினார். நாடியில் விரல் வைத்தவர் வெகுநேரம் எடுக்கவே இல்லை.

"நாடி நூலாட்டம் ஓடுது. முகம் அப்படிச் சொல்லலையே. ஏதாச்சும் பூசியிருக்கியாம்மா?"

ஷுவாங் அக்காவைப் பார்த்தாள்.

"பச்சைத் தண்ணிதான் ஐயா," என்று லியென் முந்திக்கொண்டாள். "கல்யாண நெனப்புல ராத்திரியெல்லாம் தூக்கமில்ல, அதான்."

முதலில் கண், கடைசியில்தான் விரல் என்று படித்தவர் அவர். கண் கண்டதையே நம்பிச் சிரித்துக்கொண்டே கையை விட்டார்.

கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது. புகுந்த வீட்டில் நிறம் மாறிவிடக் கூடாதென்று லியென் பொடி டப்பாவை விடாமல் அனுப்பினாள். ஷுவாங்கும் எல்லோருக்கும் முன்னால் எழுந்து, பூசிக்கொண்டுதான் அறையைவிட்டு வெளியே வருவாள். புருஷன்கூட அவள் வெறும் முகத்தைப் பகலில் பார்த்ததில்லை. குளிர் தொடங்கும்போது ஒருநாள் முற்றத்தில் சுருண்டு விழுந்தாள். பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது என்றார்கள். வசந்தகாலத்திலேயே வந்திருந்தால் ஏதாவது செய்திருக்கலாம் என்றும் சொன்னார்கள். கெங் பெரியவர் அவளைப் பார்த்தது வசந்தகாலத்தில்தான். புத்தாண்டு வரைகூட அவள் தாங்கவில்லை.

மாமியார் அழுதழுது லியெனைக் கூப்பிட்டாள். உன்னைப்போல் முகம் திருத்த இந்த ஊரில் ஆள் இல்லை, என் மருமகளை அழகாக அனுப்பி வை என்றாள். லியென் டப்பாவைத் திறந்தாள். கை உள்ளே போகவில்லை. மூடிவைத்துவிட்டு, ஒரு கிண்ணத்தில் தண்ணீர் எடுத்துவந்து, துணியை நனைத்துத் தங்கையின் முகத்தைத் துடைத்தாள். மிச்சமிருந்த வெள்ளையெல்லாம் துணியோடு வந்தது. அடியில் மண் நிறம். இமைகள் வீங்கியிருந்தன. பாவி மகள், அதை அத்தனை மாதமும் தெரிந்தே மூடிவைத்தவள் இவள்தான்.

கெங் பெரியவர் வந்து சவப்பெட்டியருகே நின்றார். முகத்தைப் பார்த்தவர் நகரவே இல்லை. பிறகு கிண்ணத்தைப் பார்த்தார்.

"அன்னைக்குப் பச்சைத் தண்ணின்னு சொன்னியேம்மா."

"இன்னைக்குத்தான் ஐயா," என்றாள் லியென்.