பச்சைத் தீவில் ஒரு கதிரை

மாத்தளை டவுனுக்குள் 'பச்சைத் தீவு' என்று ஒரு ஜூஸ் கடை திறந்திருக்கிறார்கள், தெரியுமா உங்களுக்கு? தீவு என்றதும் தண்ணீரைத் தேடாதீர்கள். நாலு பக்கமும் கடை, நடுவில் புல். அதிலும் பாதி பிளாஸ்டிக். மகள் பிடிவாதமாக அழைத்துப் போனாள். நுளம்புக்கு லெமன்கிராஸ் எண்ணெய் தெளித்துவிட்டு அதற்கு 'இயற்கை மணம்' என்று பெயர் வேறு. ஊஞ்சலில் உட்கார்ந்து போட்டோவுக்கு நானும் பல்லைக் காட்டினேன், மறைப்பானேன்.

நுளம்பு மட்டும் பழைய நுளம்புதான். அது கடித்த பிறகுதான் இடம் பிடிபட்டது. நான் புடவைக் கடையில் வேலை செய்த காலத்தில், கடைக்குப் பின்னால் யாரும் சீண்டாமல் கிடந்த காடு இது.

அந்தக் கடையில் நாங்கள் உட்காரக் கூடாது. "நிக்கிற பிள்ளைகளப் பாத்தாத்தான் ஆள் உள்ள வரும்" என்பார் முதலாளி, நாள் முழுக்க உட்கார்ந்தபடியே. பகல் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் கிடைக்கும். இங்கே ஓடிவந்து, அழுகிய பலாப்பழ நாற்றத்துக்கு நடுவே சாக்கை விரித்துக் காலை நீட்டிவிடுவோம். என்னோடு வேலை செய்த பரீனா ராத்தா நோன்பு மாதத்திலும் தவறாமல் வருவார்.

"நோம்பு புடிச்சிக்கிட்டு இங்க எதுக்கு ராத்தா?"

"நான் சோத்துக்கா வாறேன்? காலுக்கு வாறேன் தங்கச்சி."

இதையெல்லாம் மகளிடம் அளந்துகொண்டே, ஜூஸ் கொண்டுவந்த பெண்ணை மூன்று தடவை கூப்பிட்டுவிட்டேன். ஐஸ் வேண்டாம், சீனி கூடிவிட்டது, ஸ்ட்ரோ எங்கே. மூன்றாவது தடவைதான் அவள் காலைப் பார்த்தேன். நாற்பது வயதிருக்கும். கணுக்கால் வீங்கி, செருப்பு வார் சதைக்குள் புதைந்திருந்தது. சுற்றிலும் கதிரைகள் காலியாகக் கிடந்தன.

"கொஞ்சம் உக்காருங்கம்மா."

"ஏலாதுங்க மேடம். கேமரா இருக்கு, உக்காந்தா ஏசுவாங்க."

"அப்ப சாப்புடுற நேரம்?"

"கிச்சன்ல நின்னுக்கிட்டே சாப்புடுவோங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. புல் வளர்க்கத் தெரிந்திருக்கிறது, ஊஞ்சல் கட்டத் தெரிந்திருக்கிறது. வேலை செய்கிற பெண் அரை மணி நேரம் காலை நீட்ட இந்த டவுனில் இருந்த ஒரே இடத்தையும் வளைத்துப் போட்டு, அங்கேயே ஒருத்தியை நிற்க வைத்திருக்கிறார்கள். இவர்களுக்கு ஒரு தீவு!

இவ்வளவு பேசுகிறேனே, நானும் எழுந்து போகவில்லை. கதிரை வசதியாகத்தான் இருந்தது.