காபிக்கு முந்தின அரை மணி நேரம்

ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் எலும்பு மாத்திரை போடுகிறவள். ஐம்பத்தாறு வயதில் ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர், "எதுவும் முறியறதுக்கு முன்னாடியே வந்துட்டீங்க, நல்லது" என்று பாராட்டி எழுதிக்கொடுத்தது. வாரம் ஒன்று, வெறும் வயிற்றில், ஒரு தம்ளர் தண்ணீரோடு. அடுத்த அரை மணி நேரம் காபி கூடாது, படுக்கவும் கூடாது. குனியக் கூடாது என்பதை நானே சேர்த்துக்கொண்டேன்.

மகனுக்குப் பெண் பார்க்கச் செக்கானூரணிக்குக் கிளம்பிய ஞாயிறன்று அதை மறந்துபோனேன். முப்பத்து நான்கு வயதுப் பிள்ளைக்கு இது ஐந்தாவது வீடு. கார் அவர்கள் தெருவுக்குள் திரும்பும்போது ஞாபகம் வர, இன்னும் வெறும் வயிறுதானே என்று கைப்பையிலிருந்து எடுத்து, தண்ணீரோடு விழுங்கிவிட்டேன். என் புத்தியை எதால் அடிப்பது?

எங்கள் பக்கம், பெண் வீட்டுக் காபியை மாப்பிள்ளையின் அம்மா தொடவில்லை என்றால் பெண் பிடிக்கவில்லை என்று அர்த்தம்.

பெண் வந்து என் காலில் விழுந்தாள். தூக்கிவிடக் குனியாமல் விறைத்து நின்றேன். காபி வந்தது. "பெறகு குடிக்கிறேன்" என்றேன். பெண்ணின் அப்பாவுக்கு முகம் சுண்டிப்போனது.

"எங்களப் பத்தி எதுவும் கேள்விப்பட்டீகளா தங்கச்சி?"

"ஒரு வாய் குடிம்மா" என்று மகன் பல்லைக் கடித்தான்.

வெட்கத்தை விட்டுச் சொன்னேன். "எலும்பு மாத்திரை போட்ருக்கேண்ணே. இன்னும் இருவது நிமிசம் இருக்கு."

அதன்பின் வீடே சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தது. காபி இரண்டு முறை அடுப்புக்குப் போய் வந்தது. பெண்ணின் பெரியப்பா, "இன்னும் பத்து" என்று அறிவித்தார். பெண்ணின் அம்மா மட்டும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"எனக்கும் ரெண்டு வருசமா முதுகு வலி மதினி. சேல தரையில பெரளுது, அம்புட்டுக் குட்டையாயிட்டேன். வயசுன்னு விட்டுட்டேன்."

"விடாதீக மதினி. ஸ்கேன் எடுங்க."

நேரம் முடிந்ததும் ஒரே மடக்கில் குடித்தேன். கைதட்டினார்கள்.

மறுநாள் அந்தப் பெண் மாப்பிள்ளை வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். நான் அழுதேன்.

அவள் அம்மா ஸ்கேன் எடுத்தார். எங்கேயும் விழாமலே முதுகுத்தண்டில் ஓர் எலும்பு நொறுங்கியிருந்ததாம். அவருக்கும் இதே மாத்திரை. இப்போது ஞாயிறு காலை ஆறரைக்கு போன் வந்துவிடும்.

"போட்டாச்சா மதினி?"

"போட்டாச்சு. நிக்கிறீகளா?"

"நிக்கிறேன். பையனுக்கு வரன் எதுவும் தெகைஞ்சுச்சா?"

"இல்ல. உங்க புள்ளைக்கு?"

"இல்ல மதினி."

அரை மணி நேரம் முடியும்வரை இருவரும் போனை வைப்பதில்லை.